பதிவேட்டில் ஏறிய தாம்பூலத் தட்டு

சிறுவாச்சூர்,
செவ்வாய்க்கிழமை.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும், என் மனைவி வெற்றிச்செல்வியின் உடன்பிறந்த அண்ணனுமாகிய உயர்திரு அறிவரசன் மச்சான் அவர்களின் சமூகத்திற்கு, மணிவண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு ஒருவரைத் தவிர அனைவரும் நலம். அந்த ஒருவர் நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை.

சொந்தக்காரர்களும் எழுத்து மூலமாகத்தான் அணுக வேண்டும் என்று தங்கள் ஆபீஸ் வாசலில் எழுதியிருப்பதால் இக்கடிதம். எம்.எல்.ஏ.வுக்கு யாரும் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றி, பலகையில் எழுதி, திருப்பி அனுப்பப்படும் என்று தாங்கள் அறிவித்தபோது முதலில் கைதட்டியவன் நான். சால்வையோட வந்தவங்க சால்வையோடயே போனாங்க. சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கொண்டாந்தவர் அதைத் திரும்பவும் பஸ்ஸுல ஏத்தினாரு. மூணு வருசமா நடையா நடந்த என் பட்டா பத்தே நாள்ல கைக்கு வந்துச்சு, ஒருத்தரும் தலையைச் சொறியலை. ஊர் பூரா உங்க பெருமையைத்தான் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன் மச்சான்.

ஆனா நேத்து நடந்தது என்ன? நம்ம பாப்பா அபிநயாவுக்கு வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியுமா? முறையா அழைக்கணும்னு வெத்தலை, பாக்கு, தேங்காய், பூவன்பழம் எல்லாம் தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். டோக்கன் நாப்பத்தேழு. "மச்சானைப் பாக்க டோக்கனா?"ன்னு கேட்டா, உங்க உதவியாளர் பிரேம்குமார், "மச்சானுக்குத்தாங்க மொதல்ல டோக்கன்"ங்கிறார். என் முறை வர்றதுக்குள்ள நீங்க வெளியே கிளம்பிட்டீங்க. தட்டை அவர்கிட்ட வெச்சுட்டு வந்தேன். சாயங்காலம் பலகையில, "பூவன்பழம் ஒரு சீப்பு, தேங்காய் இரண்டு, வெற்றிலை ஒரு கவுளி. கொடுத்தவர்: தங்கை கணவர். திருப்பி அனுப்பப்பட்டது." டீக்கடையில ஒருத்தன், "பதினாலு பழத்துக்கு என்ன காண்ட்ராக்ட்டுண்ணே கேட்டீங்க?"ங்கிறான். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா தட்டு வூட்டுக்கு வந்ததும் உங்க தங்கச்சி வாசல்லயே உக்காந்துட்டா. "வெத்தலை பாக்கைத் திருப்பினா உறவே வேணாம்னுதானே அர்த்தம்? எங்கண்ணன் என்னைத் தலைமுழுகிட்டாரு"ன்னு ஒரே அழுகை. பச்சத்தண்ணி பல்லுல படலை. காது குத்துற ஆசாரியை வர வேணாம்னு சொல்லிடுங்கறா. நானே மடியில வெச்சுக்கிறேன்னேன். அவ பாத்த பார்வையில பக்கத்து வூட்டுக்கு வந்துட்டேன், இங்கிருந்துதான் எழுதுறேன்.

ஊழலை ஒழிங்க மச்சான், நல்லா ஒழிங்க, நாங்க கூட நிக்கிறோம். ஆனா தாம்பூலத்துக்கும் லஞ்சத்துக்கும் வித்தியாசம் பாக்காம என்னை மாதிரி அப்பாவியைப் பலகையில ஏத்தலாமா? இது அடுக்குமா?

காளியம்மன் துணையால் தங்கள் பதவியும் பேரும் நிலைக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத
மணிவண்ணன்

பி.கு.: பூவன்பழத்துக்கு அடியில, என் தம்பி மகேஷுக்கு எங்கயாவது ஒரு அரசாங்க வேலை பாத்துக் கொடுங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருந்தேன். தட்டுல எல்லாம் சரியா திரும்பி வந்துருச்சு, அந்தச் சீட்டைத் தவிர. ஏன் திருப்பினீங்கன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. என் பேரை எவ்வளவு பெருசா வேணும்னாலும் எழுதிப் போடுங்க, வெள்ளிக்கிழமை மட்டும் வந்துருங்க மச்சான். இப்பவே எந்திரிச்சுப் போயி அவகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். அவ சாப்பிட்டுருவா. எனக்குச் சோறு கிடைக்குமான்னுதான் தெரியலை.