இடப்பக்கம் சாய்ந்த பனிவண்டி

காலை ஆறு மணி பத்து நிமிடம். நான்கு பல். இஸ்ஸாத்.

பனிவண்டியின் இடது ஸ்பிரிங்கைத் தாங்கும் பல்வைத்த வளையத்தை நான்கு பல் தளர்த்தியவன் அவன்தான். தூக்கம் சொக்கிய மனிதனைப் போல வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்பேனரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு இஸ்ஸாத் பனிமேட்டைப் பார்த்தான். நார்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் ஈஸ்டர் வெளிச்சம் முதலில் நீலமாக வரும். பிறகு பாலாகி, எதையும் அவசரப்படுத்தாமல் பரவும். அதற்குள் அவன் மனக்கண்ணில் ஏரி தெரிந்தது. பனிக்கட்டியில் ஒரு துளை. அருகே கலைமான் தோல். தோல்மேல் அவன். தூண்டில் நரம்பு லேசாக நடுங்குகிறது. யாரும் பேசவில்லை.

அன்றைக்கு ஏரியில் மீன்பிடிப் போட்டி. அன்றைக்கே மனைவி ரவ்னாவின் அத்தை மகளுக்குக் கல்யாணம். அறுநூறு விருந்தாளிகள். அறுநூறு பேரும் பேசுவார்கள்.

"ரவ்னா! வண்டி சாயுது. ரெண்டு பேரைத் தாங்காது. நீ உங்க அண்ணன் வண்டியில போயிடு. நான் இருந்து சரிபண்றேன்."

ரவ்னா கல்யாண உடையில் வந்தாள். மார்பில் வெள்ளிப் பதக்கங்கள் கிணுகிணுத்தன.

"என்னாச்சு அதுக்கு?"

"குளிர்ல ஸ்பிரிங் செத்துப்போச்சுபோல."

"ஒண்ணு மட்டுமா? இன்னொண்ணு கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குச்சாக்கும்."

"வயசாச்சு ரவ்னா. இரும்புக்கும் முதுகுவலி வரும்."

அவள் குனிந்து பார்த்தாள். வலது வளையத்தில் குளிர்காலம் முழுக்கப் படிந்த பனிக்கட்டி அப்படியே இருந்தது. இடது வளையம் கழுவிவைத்த கரண்டியாகப் பளபளத்தது. இஸ்ஸாத் இதை யோசிக்கவே இல்லை.

"நீ சொல்றது சரிதான்யா. ரெண்டு பேரைத் தாங்காது" என்றாள்.

இஸ்ஸாத்தின் மனசு ஏரிக்குப் போய்த் துளையருகே உட்கார்ந்துவிட்டது.

"அந்த ஸ்பேனரைக் குடு."

"எந்த ஸ்பேனர்?"

"உன் நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்குதே, அது."

கொடுத்தான். நான்கு பல் இறுக்கினாள். ஏறி வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வண்டி கோடு போட்டது போல நேராக ஓடியது.

"நான் உக்காந்தா சாயல. அப்போ வியாதி ஸ்பிரிங்ல இல்ல."

"பின்ன?"

"ஓட்றவன்கிட்ட. பின்னால பெட்டியில ஏறு."

வண்டிக்குப் பின்னால் கோத்த சறுக்குப் பெட்டியில், இறைச்சிப் பானைக்கும் காபிப் பாத்திரத்துக்கும் நடுவே அவன் மல்லாந்து கிடந்தான். மேலே கலைமான் தோல். அதற்கும் மேலே வானம் மெல்ல ஓடியது. வெளியே சொல்ல முடியாது, ஆனால் சுகமாகத்தான் இருந்தது.

தேவாலய வாசலில் எழுந்து உட்கார்ந்தான். போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த கூட்டாளிகள் மூன்று பேரும் தலை வாரி, வரிசையாக நின்றிருந்தார்கள்.

"உன் வண்டிக்கு என்ன?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

"சாய்வு. உனக்கு?"

"பெல்ட் அறுந்துச்சு. அவ கையிலயே புது பெல்ட் வச்சிருந்தா."

போட்டியாளர்கள் எல்லோரும் கல்யாணத்தில் இருந்ததால் ஏரிப் போட்டி தள்ளிவைக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை நடந்தது. முதல் பரிசு ரவ்னாவுக்கு.