கூடுமாற்றியார் லிஃப்டில் ஏறமாட்டார்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு இருந்தன. இரண்டும் நன்றாகவே ஓடின. ஆனாலும் காலை வேளையில் படிக்கட்டில் கால் வைக்க இடம் கிடையாது.

கணக்கர் ஏறினார். வாசல் காவலாளி ஏறினார். பக்கத்துக் கட்டடத்தில் மூட்டுவலி வைத்தியரிடம் வந்தவர்கள்கூட வைத்தியரைப் பார்க்குமுன் இங்கே ஒருமுறை ஏறிவிட்டுப் போனார்கள். ஏழாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க!" என்றார்கள். லேசாகத்தான் இருக்கும். மூச்சு நான்காவது மாடியிலேயே நின்றுவிட்டதே.

காரணம் இதுதான்: கூடுமாற்றியார் லிஃப்டில் ஏறமாட்டார். படியில்தான் ஏறுவார். மகான் போகிற வழியில் போனால் மகானுக்குக் கிடைப்பதில் பாதியாவது நமக்குக் கிடைக்காதா? கிடைத்தது. கால்வலி. பாதி அல்ல, முழுசாக.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாவது மாடியில் இருந்த நிறுவனத்துக்குத் தொழிலே லிஃப்ட்தான். ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும், உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இந்த நிறுவனத்தின் கூடத்தில் மணி அடிக்கும். உடனே மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். லிஃப்டுக்குள் செல்போன் எடுக்காது. அந்தப் பொத்தானை விட்டால் வேறு கதியில்லை. பொத்தானுக்கும் மணிக்கும் நடுவே ஒரு செயலி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் இடம் மாற்ற வேண்டியிருந்தது.

செயலி அதுநாள்வரை ஒரு கிளஸ்டரில் குடியிருந்தது. பயப்பட வேண்டாம். கிளஸ்டர் என்றால் நிறையக் கணினிகள் ஒரே கூரையின் கீழ் கூட்டுக் குடும்பம் நடத்துவது, அவ்வளவுதான். செயலியை அதன் பாய், தலையணை, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றோடும் ஒரு கன்டெய்னரில் அடைத்து அங்கே குடிவைத்திருப்பார்கள். அந்தக் கிளஸ்டரை நடத்தியவர் கடையைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். அதற்குள் செயலி வேறொரு கிளஸ்டருக்குக் குடிபோக வேண்டும். போகாவிட்டால் ஊரிலுள்ள சிவப்புப் பொத்தான்கள் எல்லாம் வெறும் அலங்காரம். மாட்டிக்கொண்டவர் அமுக்கிக்கொண்டே இருக்கலாம். விரலுக்கு நல்ல பயிற்சி.

இந்த வேலை தெரிந்த பெண் ஒருத்தி அங்கேயே இருந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலாளர் அவளுடைய அக்காவின் கணவர். ஆகவே அலுவலகத்தில் 'சார்'. கோபம் வந்தால் 'அத்தான்'.

"சார், செயலியோட விவரம் அத்தனையும் பழைய இடத்துலேருந்து எழுதி வாங்கணும். ஆனா அத அப்படியே புது இடத்துல இறக்க முடியாது. பழைய வீட்டு விலாசம், பழைய சாவி, பழைய பக்கத்து வீட்டுக்காரன் பேரு எல்லாம் அதோட ஒட்டிக்கிட்டு வந்துடும். ஒண்ணொண்ணா உரிச்சு எடுக்கணும். மூணு வாரம் ஆகும்."

"இதுல நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார்."

அதுதான் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. தான் நடுவில் நிற்காத, யாரும் கைதட்டாத ஒன்றை வேலை என்று அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கூடுமாற்றியார் வந்து சேர்ந்தார். கழுத்தில் நீல நிற நெட்வொர்க் வயர்களைப் பின்னி மாலையாகப் போட்டிருந்தார். கையில் மூடி போட்ட கண்ணாடிக் குடுவை. கேள்விக்குறி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பொண்ணு சொல்றது உடம்பு. உடம்ப யார் வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். செயலிக்கு உயிர்னு ஒண்ணு இருக்குல்ல? அது கூடு விட்டுக் கூடு பாயணும். அதுக்கு ஆள் வேணும்."

"அது எவ்வளவு நேரம் ஆகும் சாமி?" என்றார் மேலாளர்.

"அரை மணி நேரம்."

மூன்று வாரம் எங்கே, அரை மணி எங்கே! மேலாளர் அங்கேயே விழுந்துவிட்டார்.

திரைகளையெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடினார்கள். உயிர் கூச்சப்படும் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார் சாமி. அரை மணி கழித்து மூடிய குடுவையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார். புதுக் கிளஸ்டருக்கான கணினி எதிர் அறையில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஊர்வலம் முக்கால் மணி நேரம் நடந்தது. வழியில் கணக்கர் குடுவையைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு!" என்று அலறினார். அதுவரை சாமி அதை அக்குளோடு இடுக்கி மார்பில் அணைத்திருந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மூடியைத் திறந்தபோது ஒரு மணம் வந்தது. செயலிக்கு மணம் உண்டு என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. காப்பித்தூள் மணம்.

பிறகு ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். புது விலாசத்துக்குக் கூப்பாடு போய் மணி கணகணவென்று அடித்தது. மேலாளர் அழுதேவிட்டார்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் சாமி. "பழைய கூட்ட நீங்களா அணைக்கக் கூடாது. அது தாய்வீடு. பிள்ளை புது வீட்டுல பழகணும்ல? மாசக் கடைசியில அதுவா அணையும். அப்ப ஒண்ணும் ஆகாது."

மாதக் கடைசி அன்று விடியற்காலையில் சாமி நெடும்பயணம் புறப்படுகிறார் என்பது வெறும் தற்செயல்.

செய்தி பரவியது. சலவைக் கடை நடத்துகிறவர் வந்தார். செருப்புக் கம்பெனிக்காரர் தன் செயலியையும் குடுவையில் ஏற்றித் தரும்படி, பணப்பையோடு மூச்சு வாங்க ஏழு மாடி ஏறி வந்தார். ஒரு அம்மா தன் மகனுடைய மொபைல் விளையாட்டின் உயிரை எடுத்துவிடும்படி கேட்டாள். அத்தனை பேரில் நியாயமான கோரிக்கை அது ஒன்றுதான்.

கேள்விக்குறிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், சாமி மொத நாள் லிஃப்ட்லதான் வந்தாரு. நான்தான் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். குடுவை ஊர்வலம் முடிஞ்ச மறுநாள்லேருந்துதான் படி. ஏன்?"

"ஏன், ஏன், ஏன்! உன் சந்தேகம் பட்டுத்தான் செயலி அப்பப்போ திக்குதுன்னு சாமி வருத்தப்படுறாரு. நாளைக்குப் பாராட்டு விழா. எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லைன்னா வேலைய விட்டுட்டுப் போயிடு."

"இத சார் சொல்றீங்களா, அத்தான் சொல்றீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏண்டி, அவரு சாப்பிடாமப் படுத்துட்டாரு. ஒரு மன்னிப்புதான? கேட்டுத் தொலையேன்."

"கேக்குறேன்க்கா. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேட்டுடுறேன்."

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டு முழுக்க நின்றார்கள். கேள்விக்குறியை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன். ஆனா மனசாரக் கேக்கணும்ல? அதனால சாமி ஒரு தடவை லிஃப்ட்ல ஏறட்டும். நம்ம மெக்கானிக் அத நடுவுல நிறுத்துவாரு. நான் பழைய கிளஸ்டர்ல செயலிய நிறுத்துறேன். சாமி பட்டனை அமுக்கட்டும். இங்க மணி அடிச்சா, அந்தக் குடுவையைத் தூக்கிக்கிட்டு ஆயுசுக்கும் சாமி பின்னாடியே வர்றேன்."

கூட்டம் கைதட்டியது. சாமி தட்டவில்லை.

"நான் லிஃப்ட்ல ஏறுறதில்லைம்மா. விரதம்."

"எப்பலேருந்து?"

"பிறவியிலேருந்து."

"மொத நாள் ஏறுனீங்களே?"

"அது போன பிறவி."

கூட்டம் மெய்சிலிர்த்தது. இரண்டு பிறவியையும் ஒரே மாதத்தில் முடித்தவரை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி, உங்களுக்குப் பதிலா வேற யாராவது ஏறட்டும்."

"தாய்வீட்ட அணைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நாளைக்கு எப்படியும் அணையப் போகுது. ஒரு நாள் முன்னாடி பாத்துக்கிட்டா என்ன சாமி? தேவைன்னா உடனே திரும்பப் போட்டுடலாம்."

"நாளைக்கு அணையுறது இயற்கை. இன்னிக்கு அணைக்கிறது கொலை!"

"கொலை! கொலை!" என்றது கூட்டம். அப்போது மேலாளர் எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

"இந்தப் பொண்ணோட வாய அடைக்கணும். சாமி பேரைச் சொல்லி நான் ஏறுறேன். அடிக்கும்!"

"வேண்டாம் தம்பி," என்றார் சாமி. அந்த ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான அக்கறை அதுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

மேலாளர் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே மெக்கானிக் நிறுத்தினார். கேள்விக்குறி தன் கணினியில் ஒரு வரி தட்டினாள். பழைய கிளஸ்டரில் செயலி நின்றது.

எல்லாரும் சுவரிலிருந்த மணியைப் பார்த்தார்கள். மணி அவர்களைப் பார்த்தது.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் கணக்கர்.

"எனக்கும் கேட்டுச்சு!" என்றார் செருப்புக் கம்பெனிக்காரர். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூடத்துக்குக் கேட்டுவிட்டது. மணியின் நாக்கு மட்டும் அசையவே இல்லை.

"மனசு சுத்தமா இருக்கறவங்களுக்குக் கேக்கும்," என்றார் சாமி. மீதிப் பாதிக்கும் கேட்டுவிட்டது.

லிஃப்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. "அமுக்குறேன்! அமுக்கிக்கிட்டே இருக்கேன்! யாராவது இருக்கீங்களா?"

கேள்விக்குறி லிஃப்ட் கதவிடுக்கில் வாயை வைத்தாள். "அத்தான், மணி அடிச்சுதாம். மனசு சுத்தமா இருக்கறவங்களுக்கு மட்டும் கேட்டுச்சாம்."

"எந்த முட்டாப்பய சொன்னான்?"

"கணக்கர் சொன்னாரு. சாமியும் ஆமான்னாரு."

உள்ளே சத்தம் அடங்கியது. நான்கடிக்கு நான்கடி இடம், மங்கலான விளக்கு, பேச ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதருக்கு யோசிக்க வசதி அமைந்திருந்தது.

"பழசப் போடும்மா," என்று மெல்லக் குரல் வந்தது.

"ஏன் அத்தான்?"

"ஏனா? உயிர் இன்னும் அங்கதானடி இருக்கு!"

அவள் பழைய கிளஸ்டரில் செயலியை ஓடவிட்டாள். மேலாளர் அமுக்கினார். மணி அடித்தது பாருங்கள், கூடமே அதிர்ந்தது. ஏற்கெனவே கேட்டவர்கள்தான் அதிகமாகத் துள்ளி விழுந்தார்கள். கணக்கர் நாற்காலியோடு சாய்ந்தார்.

"சாமி எதையும் நகத்தல," என்றாள் கேள்விக்குறி. "புது வீட்டு வாசல்ல ஒரு ஆள நிறுத்தி வச்சிருக்காரு, அவ்வளவுதான். வர்ற கூப்பாட்ட வாங்கிட்டுப் பழைய வீட்டுக்கு ஓடுற ஒரு சின்னப் புரோகிராம்தான் அந்த ஆள். அத மறைக்கத்தான் கறுப்புத் துணி. அந்த ஆள் இப்பவே அப்பப்போ தடுக்கி விழுறான், அதான் செயலி திக்குது. நாளைக்குப் பழைய வீடு இருக்காது. அந்த ஆள் எங்க ஓடுவான்? அன்னிக்கு லிஃப்ட்ல யாரு மாட்டியிருப்பா, எனக்குத் தெரியாது. தான் மாட்டக் கூடாதுன்னு மட்டும் சாமிக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் படி."

கூட்டம் சாமியைத் திரும்பிப் பார்த்தது. நாற்காலி காலி.

சாமி படிக்கட்டில் இருந்தார். ஆனால் ஒரு படிகூட இறங்க முடியவில்லை. படி நெடுக அவருடைய பக்தர்கள். உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரியாது. "சாமி நம்மளப் பாக்க வெளிய வந்துட்டாரு!" என்று ஆனந்தக் கூச்சலோடு மேலே நெருக்கினார்கள். "விடுங்கய்யா, போகணும்!" என்றார் சாமி. "எங்களையும் கூட்டிட்டுப் போங்க!" என்றார்கள் அவர்கள். அன்பு தாங்காமல் அவரை மறுபடியும் ஏழாவது மாடிக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அங்கே இரண்டாவது லிஃப்டின் கதவு திறந்திருந்தது. பின்னால் பக்தர்கள். எதிரே, கொடுத்த காசைக் கேட்டுச் சட்டைக் கையை மடித்துவிடும் செருப்புக் கம்பெனிக்காரர். சாமி விரதத்தை முறித்தார். குடுவையோடு உள்ளே பாய்ந்தார். கூடு விட்டுக் கூடு அவர் உண்மையாகவே பாய்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"நடுவுல நிறுத்தட்டுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நிறுத்துங்களேன்," என்றாள் கேள்விக்குறி.

மணி அடித்தது. விடாமல் அடித்தது. காது கிழிந்தது. போலீஸ் வரும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் கணக்கர்.

செயலி என்னவாயிற்று என்கிறீர்களா? ஊரே படியேறிக்கொண்டிருந்த நாட்களில் கேள்விக்குறி தன் மேசையில் உட்கார்ந்து பழைய விலாசங்களை ஒவ்வொன்றாக உரித்து முடித்திருந்தாள். ஊர்வலம் இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை. வேர்த்து விறுவிறுத்து லிஃப்டிலிருந்து வெளியே வந்த மேலாளர் சரியென்று தலையாட்டினார். அன்றைக்கே செயலியைப் புது இடத்தில் இறக்கினாள். இறக்கியதும் பழையதை அணைத்து, தானே லிஃப்டில் ஏறிப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். மணி அடித்தது. மறுநாள் பழைய கிளஸ்டர் போயிற்று. ஊரில் எங்கோ ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டார், மணி அடித்தது, மெக்கானிக் ஓடினார். யாரும் கைதட்டவில்லை. காப்பித்தூள் மணமும் வரவில்லை.

இன்றும் சிலர் அந்தப் படியில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டால், "சாமி பொய்யா இருக்கலாம், படி பொய்யில்லையே," என்கிறார்கள்.

மேலாளருக்கு யோசிப்பதற்கு ஒரு லிஃப்ட் நடுவழியில் நிற்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் செலவெல்லாம் வேண்டாம். நின்ற இடத்திலேயே யோசிக்கலாம். மூடியைத் திறந்து குடுவைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கும்பிடுங்கள்.