கடற்பாசிக் குழம்புக்கு ஒரு சாட்சி

ஈசூன்,
புரட்டாசி மூன்றாம் சனி கழிந்த திங்கள்

மதிப்பிற்குரிய மாணிக்கம் மச்சானுக்கு,

உங்கள் தங்கை கணவன் சுந்தரேசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் தாரணியும் நலம். கிளமெண்டியில் நீங்களும், கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் கோமளாவும் நலம்தானே?

நடந்தது இதுதான். என் கொழுப்பு அளவைப் பார்த்த டாக்டர், இனி காய்கறிதான் என்று சொல்லிவிட்டார். உடனே சமூக மன்றத்தில் கடற்பாசிச் சமையல் வகுப்புக்குப் போனேன். போனது ஒரே நாள், அதற்குள் வீட்டில் நானே வாத்தியார். புரட்டாசிக்கு ஏற்ற சுத்த சைவம் என்று பெருமையடித்து, சனிக்கிழமைச் சமையலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோமளா சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பியதும் கடையில் வாங்கி வந்த கடற்பாசிப் பொட்டலத்தைப் பிரித்தேன். முகப்பில் பச்சைப் பசேலென்று பாசிப் படம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும். வகுப்புக்கே போய் வந்தவனுக்கு அது எதற்கு? "ஒரு பிடி போதும் அங்கிள்" என்று ஆசிரியை சங்கீதா சொல்லியிருந்தும் முழுப் பொட்டலத்தையும் ஊறவைத்தேன். அது ஊறி ஊறிப் பானையைத் தாண்டி, அண்டாவைத் தாண்டி, துணி ஊறவைக்கும் வாளிவரை வந்துவிட்டது மச்சான்! சரியென்று கடுகு தாளித்துப் புளி ஊற்றினேன். வாசம் காரிடார் முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா எட்டிப் பார்த்து, "இக்கான் மாசினா அங்கிள்? கருவாடு மணக்குது லா!" என்று ஆசையாகக் கேட்கவும், லிஃப்ட் திறந்து துளசித் தீர்த்தத்தோடு கோமளா வரவும் சரியாக இருந்தது.

"பொரட்டாசி சனிக்கெழமையில கருவாடாங்க? நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்!"

பெருமாள்மேல் ஆணை, அதில் மீன் வாடைகூடப் படவில்லை. இதற்குச் சாட்சி நீங்கள்தான். நேற்று அவளுக்குத் தெரியாமல் தாரணியிடம் கொடுத்தனுப்பிய அந்தக் குழம்பு டப்பாவைக் காலி செய்து, "பிரமாதம் மாப்பிள்ளை, இன்னொரு டப்பா அனுப்புங்க" என்று செய்தி போட்டீர்களே! புரட்டாசியில் முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்புவாள். அவள் இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை மச்சான். எப்படியாவது அனுப்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். பெருமாள் எல்லோரையும் காக்கட்டும், என்னைக் கொஞ்சம் முன்னதாக.

இப்படிக்கு,
சுந்தரேசன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தாரணி பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டாள். சுவைக்காக நெத்திலிப் பொடி சேர்த்திருக்கிறார்களாம். ஆகவே சாட்சி வேண்டாம். கோமளாவிடம் மன்னிப்புக் கேட்கும்போது நம் இருவருக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். இன்னொரு டப்பாவைப் புரட்டாசி முடிந்ததும் அனுப்புகிறேன்.