ஜாவாவுக்கு இரண்டு, கோபோலுக்கு எட்டு

இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு செவ்வந்தி மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பீளமேட்டுப் பம்ப்செட் கம்பெனி மானேஜர் கண்ணையா தொண்டையைச் செருமினார்.

"ஜாவா தெரிஞ்சவங்களா? அதுக்கென்னங்க அம்மணி, அனுப்பி வைங்க. பாத்துக்கலாம்."

கோபோல் தெரிந்தவர்கள் வேண்டுமா என்றும் கேட்டாள். அவர்களையும் அனுப்பச் சொன்னார். இரண்டு கட்டத்திலும் டிக் போட்டாள். இருபத்தைந்து கம்பெனிகளும் முடிந்தன. ஜாவாவுக்கு இருபத்தைந்து, கோபோலுக்கு இருபத்தைந்து.

கோவை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். செவ்வந்தி அங்கே ஐந்து வருஷமாகக் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் பாஷையைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு காலத்தில் பெஞ்சு போதாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து எழுதினார்கள். இந்தத் தொண்ணூற்றெட்டில் நாலே பேர். ஜாவா படித்தால் பெங்களூர், ஃபாக்ஸ்புரோ படித்தால் சிங்காநல்லூர், கோபோல் படித்தால் வீடு என்று பஸ்ஸில் பையன்கள் பேசிக்கொள்வதை அவளே கேட்டிருக்கிறாள்.

மூன்று மாதம் முன்பு முதலாளி அரங்கசாமி தன் அக்கா மகன் வம்சியைப் பெங்களூரிலிருந்து கூட்டி வந்து புதிதாக வந்த ஜாவா பாஷைக்கு வகுப்பு ஆரம்பித்தார். வம்சி மாணவர்களை மெஷின் ரூம் பக்கமே விடமாட்டான். எல்லாமே கரும்பலகையில்தான். சாயங்காலம் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு போவான். பெங்களூர்ப் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை அரங்கசாமி அவளைக் கூப்பிட்டார். "ஒரு சென்டருக்கு ரெண்டு பாஷை எதுக்குங்க? இருபத்தஞ்சு கம்பெனிக்குப் போன் போடுங்க. எதுக்கு ஆள் கம்மியாக் கேக்கறாங்களோ அதை நிறுத்திப்போடலாம். நீங்களே கேளுங்க. உங்க கொரல்தான் பதமா இருக்குது."

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரிப்பதுபோல் இருந்தது. வேலை போனால் அடுத்த பஸ்ஸில் சொந்த ஊர் காங்கேயம், அடுத்த முகூர்த்தத்தில் தாராபுரம். தாராபுரத்து மாப்பிள்ளையை இரண்டு வருஷமாக ஒரே ஒரு பதிலால் தள்ளி நிறுத்தியிருந்தாள்: வேலையை விட்டுவிட்டு வர முடியாது. அந்தப் பதில் இல்லாமல் தான் யார் என்று யோசித்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சமமாக வந்த பட்டியலைப் பார்த்து அரங்கசாமி முகத்தைச் சுளித்தார். எத்தனை பேர் வேண்டும் என்று திரும்பக் கேட்கச் சொன்னார்.

மறுபடியும் கண்ணையா. எத்தனை பேர் என்று அவளையே சொல்லச் சொன்னார். ஜாவாவுக்கு ஒருத்தர் போதுமா என்றாள்.

"ஒண்ணு என்னங்க ஒண்ணு. ரெண்டா அனுப்புங்க."

கோபோலுக்கும் ஒன்று என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஐந்து என்று வந்துவிட்டது.

"எட்டாவே இருக்கட்டுமுங்க" என்றார் கண்ணையா.

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதில்தான் சின்ன வித்தியாசம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த இருபத்துநாலு போனிலும் அதே வித்தியாசத்தோடு கேட்டாள். யாரும் கேட்டதைவிடக் குறைத்துச் சொல்லவில்லை. ஜாவா ஐம்பத்தொன்று. கோபோல் நூற்றுத் தொண்ணூற்றாறு.

மறுநாளே அரங்கசாமி வாசலில் போர்டு வைத்துவிட்டார். கோவைக்கு உடனடியாக நூற்றுத் தொண்ணூற்றாறு கோபோல் ஆட்கள் தேவை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். பத்து நாளில் நாலு பேர் அறுபது பேர் ஆனார்கள். உக்கடத்தில் பஸ் இறங்கியவர்கள் வழி கேட்டுக் கேட்டு வந்தார்கள். வம்சியின் வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சு மாறி அவளிடம் வந்து உட்கார்ந்தார்கள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பாரம் இறக்கி வைத்தவன்போல் கையைத் தட்டித் தூளை உதறிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அப்புறம் மயில்சாமி வந்தார். காங்கேயத்துக்காரர், அவளுடைய அப்பா வேலை செய்யும் அதே எண்ணெய் மில்லில் எடை போடுபவர். மகள் சண்முகப்ரியா பி.எஸ்சி. கணக்கு இரண்டாம் வருஷம். வெள்ளிக்கிழமை காலேஜுக்குப் போய் டி.சி. வாங்கிக்கொண்டு அவளை முழு நேரமும் கோபோலில் சேர்த்துவிடப் போவதாகச் சொன்னார். எட்டு மாசம் கோபோல் படித்தாலே வேலை என்றால் எதற்கு இன்னும் இரண்டு வருஷம்? நம்மூர்ப் புள்ளை கணக்கெடுத்த கணக்கு, தப்பாது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாராம்.

செவ்வந்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வேலையாவது நிஜமாக இருந்துவிட்டால் போதும் என்று புதன்கிழமை பீளமேட்டுக்குக் கிளம்பினாள்.

கண்ணையா எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர், பூப்போட்ட துணி மூடி, மேலே மூன்று சந்தனப் பொட்டு. போன ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"இது ஒண்ணுதானுங்க. லெட்டர் அடிக்கிறதுக்கு வாங்குனது. அடிக்கற பையன் நின்னுபோட்டான்."

"அப்பறம் ஏனுங்க எட்டுப் பேர்னு சொன்னீங்க?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "நீங்க அஞ்சு கேட்டீங்களே அம்மணி. ஒரு பொம்பளப்புள்ளை மெனக்கெட்டுப் போன் பண்ணிக் கேக்கறப்ப இல்லீன்னு எப்பிடிங்க சொல்றது?" கொஞ்சம் யோசித்து, சொன்ன வார்த்தையை மாற்றமாட்டேன், எட்டுப் பேரும் வரட்டும், காப்பி குடித்துவிட்டுப் போகட்டும் என்றார்.

வியாழக்கிழமை மயில்சாமியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து போனாள். நாக்கு புரளவில்லை. டிகிரியை முடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, இப்போது அவசரமில்லை என்பது வரைக்கும்தான் வந்தது. அவர் முகம் வெளுத்தது.

"எடம் முடியப்போகுதுங்களா?"

மறுநாள் காலை காங்கேயத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அவர் ஊரெல்லாம் சொல்லிக் கூட்டி வந்த ஒன்பது பிள்ளைகள், சண்முகப்ரியாவோடு பத்து. மயில்சாமி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் காலேஜ் காகிதங்களை வைத்துக்கொண்டு, டி.சி. வாங்கக் காலேஜுக்குப் போகும் பதினோரு மணி பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வந்தி பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். வம்சி அலமாரியில் சாக்பீஸ் டப்பா தேடிக்கொண்டிருந்தான். அவன் இருப்பதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்று கேட்டு இரண்டு, ஐந்து கேட்டு எட்டு, சந்தனப் பொட்டு, காப்பி. வேலையை விட்டு நிறுத்துங்கள், ஆனால் போர்டை எடுத்துவிடுங்கள் என்றாள்.

அரங்கசாமி பேனாவை மூடி வைத்தார். அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"கூட்டித்தான் கேப்பீங்கன்னு தெரியுமுங்க. வேலை போயிருமுன்னா யாருதான் கேக்கமாட்டாங்க? அதுக்குத்தானே உங்ககிட்டக் குடுத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஒழுங்காகக் கேட்டிருந்தால் ஜாவா அல்லவா ஜெயித்திருக்கும், கோபோலை அல்லவா நிறுத்தியிருப்பீர்கள் என்றாள்.

வம்சிதான் அலமாரிப் பக்கமிருந்து திரும்பாமலே பதில் சொன்னான்.

"எப்பிடிக்கா நிறுத்துவாரு? நம்ம இருபது மெஷினும் பழசு. கோபோல் மட்டுந்தான் ஓடும். ஜாவா ஒண்ணுலகூட ஓடாதுன்னு வந்த மொத நாளே மாமாகிட்டச் சொல்லிப்போட்டேன்."

மூன்று மாதச் சாக்பீஸ் தூள், கெட்டுப்போன ஒரு வாரத் தூக்கம், நூற்றுத் தொண்ணூற்றாறு ஆட்கள். இல்லாத கத்திக்கு அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அரங்கசாமி கதவைத் திறந்துவிட்டார். அவருடைய குரலும் பதமாகத்தான் இருந்தது. "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அந்தக் காங்கேயத்துக்காரரு உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கோணும்னு உக்காந்திருக்கறாரு. வேலை உண்டுன்னு சொல்லி அனுப்பி வைங்க. திங்கக்கெழமை திருப்பூருக்குப் போன் போட ஆரம்பிக்கலாம்."

அவள் வெளியே வந்தாள். மயில்சாமி எழுந்து நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்க டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு. புள்ளைக்கு வேலை கெடைச்சுருமுங்களா?"

முதுகுக்குப் பின்னால் முதலாளி கதவைப் பிடித்தபடி காத்திருப்பது தெரிந்தது. இருபத்தைந்து கம்பெனிகளில் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை அது. அவளும் இதுவரை யாரிடமும், தாராபுரத்துக்காரர்களிடம்கூட, நேராகச் சொன்னதில்லை.

"இல்லீங்க" என்றாள் செவ்வந்தி.