மயிலின் கழுத்தும் அப்பீல் அண்ணனும்

கல்யாணப் பந்தியில் அவியலுக்கு எதிராகவும் அப்பீல் செய்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரும் குழித்துறையில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். "இதுல சேனையைக் காணல்ல. இது அவியல் இல்ல, கூட்டாக்கும்" என்று இலையை மூடிவிட்டு எழுந்தார். பெண்ணின் தகப்பனார் பின்னாலேயே ஓடினார். பேருந்தில் நிறுத்தத்தின் பெயரை நடத்துநர் தவறாகக் கூவினால் இறங்கமாட்டார். திருத்திக் கூவவைத்து, அதற்குள் அடுத்த நிறுத்தம் வந்து, அங்கிருந்து நடந்து திரும்புவார். அப்பீல் அண்ணன் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

அதையெல்லாம் மன்னிக்கலாம். என் மனைவி சசிகலாவின் மயிலுக்கு அவர் செய்ததை எப்படி மன்னிப்பது?

ஓணத்துக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் அத்தப்பூக் கோலப் போட்டி உண்டு. தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வாங்கிக் கொட்டுகிறவர்களே ஜெயிப்பதால், ஒரு வருடம் தெருச் சங்கம் விதி போட்டது: கடைப் பூ கூடாது, வழியிலும் வேலியிலும் பூக்கும் நாட்டுப் பூக்கள் மட்டும். ஒருமுறைகூட ஜெயிக்காத சசிகலா விடியும்போதே கால்வாய்க்கரைக்குப் போய், எலிவால் போல் நீண்ட கதிர்களிலிருந்து நீலப் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வந்தாள். அவள் வரைந்த மயிலின் கழுத்தைப் பார்த்தால் அசல் மயிலுக்கே பொறாமை வரும்.

நடுவர் வருமுன் அப்பீல் அண்ணன் வந்துவிட்டார்.

"பிள்ளே, இது என்ன பூவாக்கும்?"

"நீலப் பூ, அண்ணே."

"நிறம் எனக்கும் தெரியும். பேரைச் சொல்லு."

பக்கத்து வீட்டார் சங்குப்பூ என்றார். எதிர்வீட்டார் காக்காப்பூ என்றார். என் செல்போன் படமெடுத்துப் பார்த்து லாவண்டர் என்றது.

"லாவண்டரு கால்வாய்க்கரையில முளைக்கவா செய்யும், ஓய்?" என்று என்மீது பாய்ந்தார். "இது சீமை நாயுருவி. அமெரிக்காவில இருந்து வந்த செடி. நாட்டுப் பூ இல்ல. தள்ளுங்க!"

சசிகலா விடவில்லை. "அப்ப நீங்க தின்னுற மரச்சீனிக் கிழங்கு? ஒங்க தோட்டத்து ரப்பரு? அதும் அங்கேந்து வந்ததுதானே?"

"மரச்சீனியை அத்தத்துலயா போடுதேன்? வாயிலதானே போடுதேன்!"

தெரு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நியாயம் பேசிய வேகத்தில், தன் மனைவி போட்ட கோலத்தின் வாடாமல்லியையும் அண்ணன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார். "இன்னைக்கு ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்தினார்.

அந்த நீலப் பூ உச்சிவெயிலுக்குள் சுருண்டுவிடும் என்பது வாதாடிய எவருக்கும் நினைவில்லை. நடுவர் வந்தபோது மயில் இருந்தது, கழுத்து இல்லை. பரிசு எதிர்வீட்டுத் தும்பைப் பூவுக்குப் போனது. சசிகலா விளக்குமாற்றால் மயிலைக் கூட்டி அள்ளினாள். அந்த மனிதரோடு இனிப் பேச்சில்லை என்றாள். நானும் சத்தியம் செய்தேன்.

திருவோணத்தன்று காலையில் வாசலில் அவரே நின்றார். முட்டுவரை சகதி. கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதன் அடியில் சட்டைப் பொத்தானிலும் சிறிய நீலப் பூக்கள் கொஞ்சம்.

"விஷ்ணுகிரந்தி. நம்ம மண்ணுப் பூவு. கழுத்துக்குக் காணாது பிள்ளே. கண்ணுக்காவது வை."

சசிகலா சிரட்டையை வாங்கினாள். "காலைக் கழுவிட்டு உள்ள வாங்க அண்ணே, காப்பி குடிக்கலாம்" என்றாள். என் சத்தியத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது அவர் மகளோடு பஹ்ரைனில் இருக்கிறார். அந்த மணலில் வழியோரமாக ஏதாவது ஒன்று நீலமாகப் பூத்துத் தொலைக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.