சோபாவில் பழகிய லாஞ்ச்

ஐம்பது வயதுக்குள் கார் பந்தயத்தில் ஒரு கோப்பையாவது வாங்கிவிடுவது என்று சபதம் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

முடிச்சூரில் அப்பா பயிர் வைத்த நிலத்தில் ஃப்ளாட் முளைத்தது. அந்தப் பணத்தில் எனக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முளைத்தது. ஆட்டோமேட்டிக். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கியர் மாற்றுவது என் பொறுப்பில் இல்லை. மனைவி ஜெயக்கொடி பார்த்துக்கொள்வாள்.

செங்கல்பட்டுக்கு அப்பால் டிராக் ரேஸ் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. நேர்கோட்டுப் பாதையில் இரண்டிரண்டு காராக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பறக்க வேண்டும். எல்லாமே கிளம்புகிற அந்த நொடியில்தான். அதை லாஞ்ச் என்பார்கள்.

சோபாவில் உட்கார்ந்து பழகினேன். இரண்டு செருப்புதான் பெடல்.

"என்னங்க பண்றீங்க?"

"லாஞ்ச்."

"லஞ்ச் ஒரு மணிக்குத்தான். செருப்ப வெளிய விடுங்க."

"லாஞ்ச்சுடி! எடது காலால பிரேக்கப் புடிச்சுக்கணும். வலது காலால ஆக்ஸிலேட்டர மிதிக்கணும். பச்சை விழுந்ததும் பிரேக்க விட்டுடணும்."

"எவ்ளோ மிதிக்கணும்?"

"முழுசா!"

"முழுசா மிதிச்சா டயரு நின்ன எடத்துலயே சுத்துமே. லேசா மிதிங்க. வண்டி கெளம்பினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அமுக்குங்க."

ஸ்கூட்டியில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்! காபி குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு சவுரிமுத்து வேறு சிரித்துத் தொலைத்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்ளோ தெரிஞ்சா நீயும் வந்து ஓட்டேன். என்னைவிடச் சீக்கிரம் போயிட்டா கார் உனக்கு."

"சவுரி அண்ணா, நீங்கதான் சாட்சி."

யோசிக்கவே இல்லை அவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. கிளம்புகிற கோட்டுக்குப் போகுமுன் ஜெயக்கொடி கார் ஜன்னலில் குனிந்தாள்.

"என்னங்க, கெஞ்சிக் கேக்கறேன். லேசா மிதிங்க."

முழுசாக மிதித்தேன்.

பச்சை. பிரேக்கை விட்டேன். பின்சக்கரம் இரண்டும் ஊளையிட்டன. கார் வாலை ஆட்டியது. முன்னால் மட்டும் போகவில்லை. ஒரே புகை. ரப்பர் கருகுகிற நாற்றம். பக்கத்துக் கார் எல்லையைத் தொட்டபோது நான் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தேன்.

"லோகநாதன் சார், வண்டியில ஏதாவது கோளாறா?" என்றது ஒலிபெருக்கி.

வண்டியில் இல்லை.

அடுத்து ஜெயக்கொடி. மல்லிகைப் பூவுக்கு மேலேயே ஹெல்மெட். பச்சை விழுந்தது. புகை இல்லை, ஊளை இல்லை. பின்பக்கம் லேசாகப் பதிந்தது, கார் வழுக்கிக்கொண்டு போனது. என் கார் அவ்வளவு அழகாக ஓடும் என்று எனக்கே தெரியாது. சவுரிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் கைதட்டினார்.

"எங்கடி கத்துக்கிட்டே?"

"மத்தியானம் நீங்க பெட்ரூம்ல தூங்கறப்ப சோபா சும்மாதானே கெடந்துச்சு."

"அப்புறம் ஏன் எனக்கு சரியான வழியச் சொன்னே? நான் கேட்டிருந்தா நீ தோத்திருப்பியே!"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்னத எப்பங்க கேட்டிருக்கீங்க? முழுசா மிதிங்கன்னு சொல்லியிருந்தாத்தான் நான் தோத்திருப்பேன்."

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்தத் தடவையாவது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள்தான் ஓட்டி வந்தாள். நான் இடதுபக்க சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு. பெருங்களத்தூர் சிக்னலில் ஒரு ஆட்டோ உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னாக்கா, வண்டி சோக்கா கீது! அண்ணனுக்கு ஓட்டத் தெரியாதா?"

ஜெயக்கொடி என் தொடையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னாள்:

"கத்துக்கினு கீறாரு."