பாம்புக் காது

இனி இந்த வீட்டில் சாதாரண சிடி ஓடாது என்று என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். வாங்கினால் ஹை-ரெஸ் டிஸ்க், அதாவது ஒலியை இன்னும் துல்லியமாகப் பதிந்தது. அதற்கென்று தனி பிளேயர். அதற்கேற்ற ஆளுயர ஸ்பீக்கர்கள். இதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் பாட்டே இல்லையாம், பாட்டின் ஜெராக்ஸாம்.

எனக்கு ஆட்சேபணை இல்லை, ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடம் ஜன்னலோரம் என்று அவர் டேப் வைத்து அளக்கும்வரை. அங்கே என் தையல் மெஷின் இருக்கிறது. வீட்டிலேயே ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வருகிற ஒரே இடம் அதுதான். மெஷினைப் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளிவிடலாமாம்.

"ரெண்டும் மெஷின்தானே" என்றார்.

வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கடைக்காரர் ஒரு பிளேயரையும் ஒரு டிஸ்க்கையும் இரவல் கொடுத்திருந்தார். அந்த டிஸ்க்கில் ஒரே பாட்டு இரண்டு விதமாகப் பதிந்திருக்கும். ரிமோட்டை அமுக்கினால் சாதாரணம் ஹை-ரெஸ் ஆகும், மறுபடி அமுக்கினால் பழையபடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் மாற்றி மாற்றி அமுக்க, எது எதென்று அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் என் மெஷின் பின்னால் போகும்.

ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். என்னை மெதுவாக மூச்சுவிடச் சொன்னார்.

"இப்ப ஹை-ரெஸ். வயலின்காரர் வில்லைத் திருப்பறதுகூடக் கேக்குது."

"கரெக்ட்" என்றேன்.

"இப்ப சாதாரணம். தகர டப்பா."

"கரெக்ட்."

"ஹை-ரெஸ். பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா எச்சில் முழுங்கறாங்க, பாரு."

"அடேயப்பா. கரெக்ட்."

கடைசிவரை எல்லாமே கரெக்ட். நான் ரிமோட்டை அமுக்கினேனா இல்லையா என்பது எனக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும்.

"உங்களுக்குப் பாம்புக் காதுங்க. வாங்கிடுவோம். எனக்கும் ஒரு கவலை விட்டுது."

"உனக்கென்ன கவலை?"

சொன்னேன். பாத்ரூம் குழாய் மாதக்கணக்கில் சொட்டுகிறது. அது அவர் காதில் விழாது. குக்கர் விசில் விழாது. காலிங்பெல் விழாது. நான் கூப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்தே விழாது. நானும் காதில்தான் ஏதோ கோளாறு என்று நம்பி, எல்லாவற்றுக்கும் நானே எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

"எச்சில் முழுங்கறதே கேக்குதுன்னா குழாய் எம்மாத்திரம்? இனிமே கதவு, குக்கர், குழாய் எல்லாம் உங்க பொறுப்பு."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ரசிக்கிற மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் பிளேயரைப் பெட்டிக்குள் வைத்தார். யோசித்துப் பார்த்தாராம். அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

"ஏதோ குத்துமதிப்பாச் சொன்னேன், வாய்ச்சிருச்சு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு உனக்கே தெரியுமே."

கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பரில் மூழ்கிவிட்டார்.

தையல் மெஷின் தப்பித்தது. குழாய்தான் சொட்டிக்கொண்டே இருந்தது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, அடுப்பைப் பார்த்தபடியே, எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்: "காப்பி வேணுமா?"

"சர்க்கரை கம்மியா" என்றார் பால்கனியிலிருந்து.

டம்ளரையும் ஸ்பேனரையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துப்போனேன்.